வெள்ளி மறைந்த பதினைந்து நாள்

ரங்காத்தாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு அவள் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. தைத்து வந்த பனியன் பீஸைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராக ஒரு தரம் விரிப்பாள்; ஊசி விட்ட சின்ன ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அவள் விரல் போய் நிற்கும்.

அந்தக் கண் வானத்தையும் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம், 1996-இல், சாயங்காலம் கம்பெனி வேன் அவள் ஊரான சாமளாபுரத்தில் இறக்கிவிடும்போதெல்லாம் மேற்கே பளிச்சென்று ஒரு வெள்ளி நிற்கும். ஜூன் மாதம் மூன்றாம் தேதிக்குப் பிறகு அதைக் காணோம். இரண்டு வாரம் கழித்து, விடியலில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவள், அதே பளிச்சென்ற வெளிச்சத்தைக் கிழக்கே பார்த்தாள். அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் தேதியை எழுதினாள். அதிலிருந்து வெள்ளி மறைந்த நாள், தெரிந்த நாள் ஒன்றையும் அவள் விட்டதில்லை. தாள்களெல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்ந்தன. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று இரண்டு வெள்ளி இல்லை, ஒன்றேதான் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். ஆனால் இடையில் அந்தக் கொஞ்ச நாள் அது எங்கே போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. புருஷன் கன்னையனிடம் ஒரு முறை கேட்டாள். அவன் தறிச் சத்தத்தில் பாதி செவிடானவன். எந்த வெள்ளி, கொலுசா என்று கேட்டான். அதற்கப்புறம் யாரிடமும் அவள் கேட்கவில்லை.

2004-ஆம் வருஷம் சித்திரையில் சித்ராதேவி வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண், பிளஸ் டூ படித்தவள். மே கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வருகிற எட்டாம் தேதி வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போகப் போகிறது, பகலிலேயே கறுப்புப் புள்ளியாகத் தெரியும் என்று எல்லோருக்கும் விளக்கினாள். அது சாயங்காலத்திலிருந்து விடியலுக்கு மாறும்போது சூரியன் பக்கமாகத்தான் போகுமாம். பெரும்பாலும் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுமாம். இந்தத் தடவை நேர்க்குறுக்கே போகிறதாம்.

ரங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷம் அவள் சுமந்த கேள்விக்கு இந்தப் பெண் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொல்லிவிட்டாள். அதுவும் ஒரு நாள்கூட அண்ணாந்து பார்க்காமல், புத்தகத்தில் படித்து. சூப்பர்வைசர் சாமியப்பன் சித்ராதேவியைச் சுற்றிச் சுற்றி வந்து கேள்வி கேட்டார். சாப்பாட்டு நேரத்தோடு பதினைந்து நிமிஷம் கூடுதலாகத் தருகிறேன், எல்லோருக்கும் காட்டு என்றார். சித்ராதேவி அட்டையில் கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி நாலு வாங்கி வந்தாள். ஜூன் ஒன்றாம் தேதியோடு மேற்கே வெள்ளி மறைந்தது. ரங்காத்தாள் தாளில் எழுதினாள். எழுதிவிட்டு, இதைக் கேட்க ஒரு நாதி இல்லை என்று நினைத்து நினைத்துப் பொசுங்கினாள்.

எட்டாம் தேதி காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. டீ நேரத்தில் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்கள் அவசரமாகக் கையைக் கழுவினார்கள். அப்போதுதான் ரங்காத்தாள், சித்ராதேவி பார்த்து முடித்த பண்டலிலிருந்து ஐந்தாறு பீஸை உருவினாள். அவள் நினைத்தது சரி. இரண்டில் ஓட்டை இருந்தது.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க," என்று சாமியப்பனிடம் நீட்டினாள்.

மூன்று மணிக்குச் சரக்கு வண்டி. சாமியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. பண்டல் முழுவதையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சித்ராதேவியிடம் சொல்லிவிட்டார். அவள் கண்ணாடிகளை எடுத்து ரங்காத்தாள் கையிலேயே கொடுத்தாள். "உங்க கண்ணுக்கு நல்லாத் தெரியும்க்கா. நீங்க எல்லாருக்கும் காட்டுங்க."

வாசலில் நின்று ரங்காத்தாள் கண்ணாடியைப் பிடித்தாள். ஆரஞ்சு வட்டம். அதற்குள் கறுப்பாக, உருண்டையாக, அத்தனை சின்னதாக வெள்ளி. இத்தனை வருஷம் காணாமல் போய்க்கொண்டிருந்தது இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது.  மற்றவர்களில் பாதிப் பேருக்கு எதுவுமே தெரியவில்லை. எங்கே, எங்கே என்று அவளையே கேட்டார்கள். அவள் இடம் சொன்னாள். அன்றைக்கு அவள்தான் எல்லோருக்கும் வேண்டியவள். ஆனாலும் உள்ளே ட்யூப்லைட்டுக்கு எதிரே குனிந்திருந்த தலை கண்ணிலேயே நின்றது.

திரும்பி வந்தவள் கேட்காமலே பாதி பண்டலைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள். வண்டி கிளம்ப மூன்றரை ஆயிற்று. நாலு மணி டீக்குப் பெல் அடித்ததும், போய்ப் பார் கண்ணு என்று சித்ராதேவியைத் துரத்தினாள். மேற்கே மேகம் இறுகிக் கிடந்தது. ஐந்து மணி வரைக்கும் அது விலகவில்லை. அதற்குள் வெள்ளி சூரியனைத் தாண்டிப் போயிருந்தது.

வேனுக்குக் காத்திருக்கும்போது ரங்காத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஓட்டை பீஸ் தானா மாட்டல கண்ணு. வேணும்னேதான் தேடி எடுத்துக் குடுத்தேன்."

சித்ராதேவி சாப்பாட்டுத் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள். "ஓட்டை இருந்துச்சுல்ல. நான் விட்டது தப்புதானக்கா." பிறகு, "ஆனா எல்லாரும் வெள்ளியப் பாத்து முடிச்சப்புறம் காட்டியிருக்கலாம்," என்றாள்.

சண்டை போட்டிருந்தால்கூட ரங்காத்தாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படிப் பேச அந்தப் பெண்ணுக்கு எப்படி வருகிறது என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. அடுத்த வாரம் முழுக்க இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

பதினாறாம் தேதி விடியலில், குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் கிழக்கே வெள்ளியைப் பார்த்தாள். தாழ்வாக, ஆனால் அதேதான். முந்தைய நாலு நாளும் சாமளாபுரத்தில் மேகம் மறைத்திருந்தது. கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம், இதை முதலில் பார்த்தது நான் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மேசையில் உட்கார்ந்ததும், "வந்துருச்சு கண்ணு, இன்னிக்கு," என்றாள்.

சித்ராதேவி நிமிர்ந்தாள். பேசலாமா என்று யோசித்தவள்போல் இருந்தாள். "நேத்தே வந்துருச்சுக்கா. மேகம் கொஞ்சம் விலகுனப்ப எங்க லைன் வீட்டு மாடியிலேருந்து பாத்தேன். அஞ்சரைக்கு."

 எட்டு வருஷத்தில் ரங்காத்தாளை முந்திக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு எடுத்த பீஸையெல்லாம் வெடுக்கு வெடுக்கென்று உதறினாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். ராத்திரிச் சமையலை முடித்த பிறகு மஞ்சள் பையை எடுத்தாள். புதுத் தாளில் பதினாறு என்று எழுதியிருந்ததை அடித்தாள். பதினைந்து என்று எழுதி, ஐந்தரை என்று நேரத்தையும் சேர்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, பார்த்தது சித்ராதேவி என்றும் எழுதினாள்.