ஒலிபெருக்கிக்குக் காத்திருந்தவன்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் ஊரில் எல்லோரும் வேலையை நிறுத்திக் காது கொடுப்பார்கள். செத்தது யார், யாருக்கு மவுத்தாம், எந்த வீட்டிலாம் என்று பதறுவார்கள். நானும் காது கொடுப்பேன். பதறி அல்ல. இன்றைக்குப் போக ஓர் இடம் கிடைக்காதா என்று. இதை எழுதவே கை கூசுகிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று என் பெண்சாதியும் மகளும் போனார்கள். சாய்ந்தமருதில் கடலோரமாக நாங்கள் இருந்த வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து அங்கே போய் இருப்பான். பெண்சாதி போனால் அவனுக்கு வாசற்படியும் இல்லை. கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தேன். அங்கே தனிமை ஏது? இருமினால் நாலு பேர் தண்ணீர் கொண்டு வருவார்கள். பிறகு கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, தன் வீட்டு வளவில் ஓர் அறை தந்தாள். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அது அவளும் மச்சானும் பிள்ளைகளும் குடியிருக்கிற வீடு. எத்தனை தரம் உள்ளே போய்க் குந்திக்கொண்டிருப்பது? சோறு மூடியபடி அறைக்கு வரும். தின்றுவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன்.

கல்முனைக் கந்தோரில் கிளார்க் வேலை. ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் என்னோடு கவனமாகக் கதைத்தார்கள், அதுதான் கொடுமை. முன்பு என்னை வைத்துப் பகிடி பண்ணிச் சிரித்தவர்கள் இப்போது பைலை மேசையில் மெல்ல வைத்துவிட்டு நழுவினார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும் இடத்துக்கு நான் போனால், கதை மழைக்கும் வெயிலுக்கும் மாறிவிடும். சரி போங்கடா என்று நானும் தள்ளிப்போய்ச் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பேன்.

அப்படியிருக்கையில் தெரிந்தவர் ஒருவரின் ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள். யாரோ நகர்ந்து இடம் தந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பிளேன்டீ வந்தது. மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்தோம். அடக்கி முடிந்ததும் மையவாடியில் நின்றவர்களுக்குக் கை கொடுத்து ஸலாம் சொன்னேன். என் கையை இன்னொரு கை பிடித்து எவ்வளவு காலம்! அன்றைக்கு நன்றாக உறங்கினேன்.

அதன் பிறகு விடவில்லை. மருதமுனையா, மாவடிப்பள்ளியா, முகம் தெரியாத ஆளா, எல்லாம் ஒன்றுதான். மவுத்தான வீட்டில் நீ ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. அரைநாள் லீவு போட்டும் போனேன். மேலதிகாரி மற்றவர்களிடம், “இவரப் பாருங்க, ஒரு ஜனாஸாவத் தவறவிட மாட்டாரு. எவ்வளவு நன்மை!” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்.

ஒரு கிழமை முழுக்க ஊரில் ஒரு மவுத்தும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். வெறும் கந்தோரில் நான் மட்டும். ஒலிபெருக்கி கரகரத்தது. பாய்ந்து எழும்பினேன். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் அறிவித்தல். சப்பென்று போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது, ஊரில் ஒருவரும் சாகவில்லையே என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னையே ஏசினேன். ஏசி என்ன? அடுத்த கிழமை மறுபடியும் போனேன்.

ஒருநாள் கந்தோரில் சுகாதார வகுப்பு வைத்தார்கள். வந்த டொக்டர் பிரஷர், சீனி வருத்தம் எல்லாம் சொல்லிவிட்டு, “தனிமையும் ஒரு வருத்தந்தான். பக்கத்து மேசையில இரிக்கிறவரோட மனம் விட்டுக் கதைங்க” என்றார். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க அத்தனை பேரும் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு மானம் போனது. வகுப்பு முடிந்ததும் பக்கத்து மேசைத் தம்பி, காரைதீவுத் தமிழ்ப் பொடியன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, “நானா, டீ குடிப்பமா?” என்றான்.

“டொக்டர் சொன்னத்துக்காகவா?” என்று சீறினேன். பாவம், தனியாகவே டீக்கடைக்குப் போனான்.

பிறகு வன்னியில் புலி இயக்கம் தோற்று யுத்தம் முடிந்தது. சந்திகளில் பட்டாசு கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அந்தத் தம்பி சில நாள் வேலைக்கு வரவில்லை. வந்த அன்று முகமே சரியில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போனதும் என் மேசைக்கு வந்து குனிந்தான்.

“நானா, எங்கட அண்ணன் வன்னியில செத்திட்டாராம். உடம்பும் இல்ல. இயக்கத்தில இருந்தவர்தானே, செத்தவீடு வைக்கவும் பயம். சொந்தக்காரங்களும் எட்டிப் பாக்கல்ல. அம்மா வாசலப் பாத்துக்கொண்டே இரிக்கா. நீங்க ஒருக்கா வாறீங்களா?”

“என்ன ஏன் தம்பி கேக்கிற?”

“நீங்கதானே எல்லாச் செத்தவீட்டுக்கும் போறீங்க. ஏன் போறீங்கண்டும் தெரியும் நானா. கந்தோரில எல்லாருக்கும் தெரியும்.”

நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. நன்மை தேடுகிறவன் என்ற வேஷத்தோடு இத்தனை காலம் திரிந்திருக்கிறேன், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். பள்ளிவாசலுக்குள்ளேயே இயக்கம் எங்கள் ஆட்களைச் சுட்டதையும் நான் மறந்தவன் அல்ல. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், “சரி, பின்னேரம் வாறன்” என்றேன்.

பின்னேரம் அவனுடைய மோட்டார் சைக்கிளில் போனேன். செத்தவீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக்கொடி கூட வாசலில் இல்லை. முற்றத்தில் நாலைந்து கதிரை, எல்லாம் வெறும் கதிரை. மற்ற வீடுகளில் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். இங்கே வந்த ஆளே நான் ஒருவன்தான். தாய் வந்து எதிரே நிலத்தில் இருந்தாள்.

“வாங்க மனே. நீங்களாவது வந்தீங்களே.”

மகனே, மகனே என்று என்னைக் கூப்பிட்டு, செத்த மகன் சின்ன வயதில் பிட்டுக்குச் சீனி கேட்டு அடம்பிடித்த கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, “உங்கட வீட்டில ஆராரு மனே இரிக்காங்க?” என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று பயந்து எத்தனையோ வீடுகளில் பாதி டீயோடு எழும்பியிருக்கிறேன். அன்றைக்கு எழும்ப முடியவில்லை.

“ஒருத்தரும் இல்லம்மா. கடல் கொண்டு போயிட்டு. நான் தனிய.”

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய பிள்ளைக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில் நான் என் வீட்டுக்கு அழுதேன், வெட்கங்கெட்டவன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள், அக்கம்பக்கம் கேட்க, வாய் விட்டு. சேதி வந்த நாளிலிருந்து அம்மா அப்படி அழவில்லை என்று தம்பி பிறகு சொன்னான்.

புறப்படும்போது, “நாளைக்கும் வருவீங்களா மனே?” என்று கேட்டாள்.

மறுநாள் கந்தோர் முடியும் வரை மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டுக்குப் போக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.