வாப்பாவின் தண்ணீர்க் கொப்பி

எனக்குக் கொப்பி என்றால் பைத்தியம். கல்முனை பசாரில் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் புதுக் கொப்பிகளை விரித்து மணந்து பார்க்காமல் வெளியே வர மாட்டேன். "வாங்கிற எண்ணம் இரிக்கா மகள், இல்ல மணக்க மட்டுந்தானா?" என்று கடைக்காரர் கேட்பார். கம்பஸ் படிப்புக்கு ஒன்று, கனவுக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று வாங்கிக் குவித்தேன். கோபக் கொப்பியைத் தவிர எதுவும் பாதியைத் தாண்டவில்லை.

முதல் பக்கத்திலிருந்து ஒரு நாளும் விடாமல் நான் எழுதிய கொப்பி வேறொன்று.

வாப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்த கிழமை, ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு நேர்ஸ் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "ஒரு சீஆர் கொப்பி வாங்கிட்டு வாங்க. குடிக்கிறது ஒரு பக்கம், போறது மற்றப் பக்கம். ஒண்டும் விடாம எழுதணும்."

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்ன அளவு சொன்னார்கள். பிளேன்டி என்கிற வெறும் தேநீர், கஞ்சி, சோற்றில் ஊற்றும் ஆணம், வாயில் உருகும் ஐஸ்கட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் உடம்பிலிருந்து வெளியேற வழியில்லை. காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் கை துருதுருத்தது. அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். குடித்தது நீலம், போனது சிவப்பு, உடம்பின் நிறை பச்சை. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜொக்கு ஒன்றும் வாங்கினேன். இப்படிக் கவனமாக எழுதினால் வாப்பாவை விழுத்த எந்த நோயாலும் முடியாது என்று உண்மையாகவே நம்பினேன்.

வறண்ட கச்சான் காற்று அடித்த காலம் அது. சுவர் சுட்டது. வாப்பாவின் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கதை குழறியது.

"மகள், ஒரு முடறு."

"அஸர் தொழுதுட்டுத் தாறன் வாப்பா."

வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று முறை வைப்பது அவர் வேலை. "நான் வட்டைக்குத் தண்ணி விடக்கொள்ள கடைசி வயல்காரனும் இப்பிடிக் கெஞ்சினதில்ல" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டினார். பிறகு குனிந்து வாப்பாவின் கணுக்காலை விரலால் அமத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.

"கொப்பி வடிவா இரிக்கி. ஆனா கால் வேற கதை சொல்லுது. ரெண்டுல ஒண்டு பொய்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் கொப்பியா பொய்? வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு துளி தவறவில்லை. ஆனால் வாப்பாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. இரவில் தலையணையைச் சுவரில் சாத்தி, உட்கார்ந்தபடியேதான் உறங்கினார்.

நோயாளி இருக்கிற வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவருவார்கள். மக்காவுக்கு உம்றா போய் வந்தவர்கள் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். சாய்ந்தமருதிலிருந்து ஒன்று, மருதமுனையிலிருந்து ஒன்று என்று வாப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவற்றை நான் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்து கொப்பி எழுதினேன்.

ஒரு பின்னேரம் உடுப்புக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். உம்மா கிளாஸில் ஊற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி வாப்பாவுக்குப் பருக்கிக்கொண்டிருந்தா.

"உம்மா! எவ்வளவு குடுத்தீங்க?"

"என்னத்த?"

"தண்ணி!"

"தண்ணி எங்ககா குடுத்த? இது ஓதினது."

"அதுவும் தண்ணிதானே உம்மா!"

"பாவம்! தௌபாச் செய்! அல்லாட கலாம் ஓதின தண்ணிய ஜொக்குல அளக்கிறதா? படிச்சுப் படிச்சு மூளை கலங்கிட்டு உனக்கு."

உம்மா என்னை ஏமாற்றவில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றால், வாப்பா எவ்வளவு அழுதாலும் அவ ஒரு சொட்டும் கொடுக்க மாட்டா. போத்தலில் இருந்தது தண்ணீர் என்று அவவுக்குத் தோன்றவேயில்லை. அது ஷிபா, நோய் தீர்ப்பது. குளிசையை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? ஐந்து நேரத் தொழுகைக்கும் பிறகு ஒவ்வொரு கிளாஸ் கொடுத்திருக்கிறா, சுகமாகட்டும் என்று.

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா சுவரைப் பார்த்தார். தண்ணீரை அளந்தே வாழ்ந்த மனிசனுக்கு அது தண்ணீர் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

அன்றைக்கே கொப்பியில் புதுக் கோடு கீறினேன். தலைப்பு எழுத விடாமல் உம்மா பேனையைப் பிடித்துக்கொண்டா. வாப்பாதான் கேட்டார்: "அதையும் எழுதினா என்ட பிளேன்டி குறையுமா?"

"குறையும் வாப்பா."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பிளேன்டிய வையுங்க, ஓதினத விடுங்க."

உம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. இரவு இஷாத் தொழுகை வரைக்கும் வாப்பாவோடு கதைக்கவில்லை. வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பே மூச்சிரைப்பில்தான் முடிந்தது.

கொப்பி சரியானது. வாப்பா சரியாகவில்லை. இரத்தம் சுத்திகரிக்க ஊசி போட்ட நரம்புகள் ஒவ்வொன்றாக மூடின. நெஞ்சும் களைத்துவிட்டது. மறுபடி வாட்டில் கிடந்தார். ஒரு காலை டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூட்டிப் போனார். கையில் கொப்பியோடுதான் போனேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"இனி எழுதத் தேவையில்ல. அவர் கேக்கிறதக் குடுங்க."

நான் கட்டிலுக்குத் திரும்பினேன்.

"என்னவாம்?" என்றார் வாப்பா.

"தண்ணி குடிக்கலாமாம்."

"எவ்வளவு?"

"விரும்பின அளவுக்கு."

உம்மா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினா. "அல்ஹம்துலில்லாஹ்! பாத்தியா? நான் சொன்னனே, ஓதினது வேலை செய்யுமெண்டு!" குனிந்து பைக்குள் போத்தலைத் தேடத் தொடங்கினா. அவவின் குரலில் எத்தனையோ மாதமாகக் கேட்காத சந்தோசம்.

வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்ட இழுத்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"உம்மாக்கு இண்டைக்குச் சொல்லாதீங்க, மகள்."

உம்மா கிளாஸை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்து நின்றா. வாப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முடறு முடறாகக் கடைசிவரை குடித்தார்.