நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

கன்னத்தில் விழுந்த ஓர் அறையோடுதான் எனக்குத் தெலுங்கு தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில் அது. அருப்புக்கோட்டையிலிருந்து குண்டூருக்குப் பஞ்சு ஏற்றப் போகும் லாரியில் கிளீனராகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். குண்டூர் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த பெரியவரிடம், வழியில் கேட்டுப் பொறுக்கிய நாலு வார்த்தையை நம்பி, 'நுவ்வு' என்று ஆரம்பித்து ஏதோ கேட்டேன். எழுந்து வந்து அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் பஞ்சு மூட்டையில் சொட்டியது. பஞ்சு கறையானதற்காக இன்னோர் அடி. எங்கள் டிரைவர் விலக்கிவிட்டு, பெரியவரை நீ என்று சொல்லிவிட்டாய், 'மீரு' என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

அடி வாங்கியதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கிப் பேசினேன். முடி வெட்டுகிறவரிடம், டீ ஆற்றுகிறவரிடம், பஞ்சர் ஒட்டுகிறவரிடம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே சரியானதைச் சொல்லுவார்கள். அதை அடுத்த ஊரில் இன்னொருவரிடம் சொல்லிப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் தெலுங்கில் சண்டை போட வந்துவிட்டது. சண்டை போட வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

ஹிந்தி இன்னும் மோசமாக வந்தது. நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில், இன்னொரு ரொட்டி வேண்டுமென்றால் இப்படிக் கேள் என்று பக்கத்து மேஜை டிரைவர்கள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அடுப்படியில் நின்றவரிடம் போய் மரியாதையாக, குனிந்து, அதைச் சொன்னேன். அது அவருடைய தாயைப் பற்றியது. ரொட்டி எடுக்கிற கம்பி அவர் கையில் இருந்தது, நுனி சிவந்திருந்தது. முகத்தை மறைத்ததில் அது முன்னங்கையில் இறங்கியது. கருகிய வாடை எனக்கே வந்தது. மறுபடி ஓங்கியபோது ஒருவன் அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். பிறகு, சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவனைப் பிடித்து மேஜை விளிம்பில் முகத்தை மோதினான். என்னைக் காப்பாற்றிய அவன் ஜபல்பூர் பக்கத்து டிரைவர், என் வயதுதான். என் கையில் தண்ணீர் ஊற்றியபடியே, அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, ஜாடையும் அரைகுறைத் தெலுங்குமாக அர்த்தம் சொன்னான்.

சில வருஷம் கழித்து, நானும் லைசென்ஸ் எடுத்தபின், எங்கள் முதலாளியின் வண்டிக்கு அவனையே இரண்டாவது டிரைவராகக் கூட்டிவந்தேன். வண்டியில் ஏறினால் ஹிந்திதான் என்று சட்டம் போட்டான். ஒரு நாள் முழுக்க டயரைப் பற்றியே பேசுவோம், மறுநாள் சாப்பாடு, அதற்கடுத்த நாள் உறவுமுறை. தப்பு வந்தால் தொடையில் ஓங்கிக் குத்துவான். ஆறு மாதத்தில், எங்கள் பக்கத்தில் எந்த ஊர்க்காரன் நீ என்று ஹிந்திக்காரர்களே என்னைக் கேட்டார்கள்.

அவனும் தமிழ் கேட்டான். நான் அவ்வளவு சிரத்தை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் யார் என்ன கேட்டாலும் 'ஆமாண்ணே' என்று சொல், சந்தோஷப்படுவார்கள் என்றேன். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் டீக்கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்குமேல் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், நரிக்குடிக்கு அந்தப் பக்கம் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஓட்டியது நான். கண்மாய்க்கரை இறக்கத்தில், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டுமந்தை ஒன்று ரோட்டில் இறங்கியது. பிரேக் அடித்தேன். லோடு தள்ளியது. ஆடுகள் சக்கரத்தில் சிக்குவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. கடைசியாக மோதியது ஆடு இல்லை என்பதும் தெரிந்தது.

மேய்த்தவர் ஐம்பது வயதுக்காரர். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்திருந்தது. நான் ஹேண்ட் பிரேக் போடாமலே குதித்து ஓடி, என் துண்டால் அவர் தொடையை இறுக்கிக் கட்டினேன். வண்டி எங்களை நோக்கி நகர ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். டிரைவர் சீட்டில் ஏறி வண்டியை நிறுத்தினான். ஊர்க்காரர்கள் ஓடிவந்தபோது, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தது அவன்தான்.

சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நீதான ஓட்டுன என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாண்ணே."

"குடிச்சிருக்கியாலே?"

"ஆமாண்ணே."

முதல் அடி வாயில் விழுந்தது. கையாலும் கருவேலங்கட்டையாலும் அடித்தார்கள். விழுந்தவனைக் காலால் உதைத்தார்கள். நையாண்டி பண்ணுறியாலே என்று கேட்டு அடித்தார்கள், அதற்கும் அவன் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். பிறகு வார்த்தை நின்று சத்தம் மட்டும் வந்தது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கை முழுக்க ரத்தம், மடியில் அந்த மனிதரின் கால். என்னை யாரோ வழிப்போக்கன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. துண்டை விட்டால் இவர் செத்துப்போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் வாய்க்கு வேலை ஒன்றும் இல்லை, அது சும்மாதான் இருந்தது.

அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன ஏம்ப்பா அடிக்கிறாக? ஓட்டுனது நீதான?"

அதன்பிறகுதான் நான் கத்தினேன், நான்தான் ஓட்டினேன் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை கத்தியபோது இரண்டு பேர் திரும்பினார்கள். தோளில் விழுந்த அடியில் காறை எலும்பு முறிந்தது. துண்டின் முடிச்சை மட்டும் நான் விடவில்லை. வீரசோழனிலிருந்து வந்த பஸ் வழியில்லாமல் நின்று, கண்டக்டரும் பஸ்ஸில் வந்தவர்களும் இறங்கி எல்லாரையும் பிரித்துவிட்டார்கள். அந்த பஸ்ஸிலேயே எங்கள் மூன்று பேரையும் ஏற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மேய்த்தவருக்கு முழங்காலோடு கால் போனது. அவன் தாடை முறிந்து, இடது காது செவிடானது. ஒரே வார்டில்தான் கிடந்தோம். அடித்தவர்களில் ஒருவர் நாலாம் நாள் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து, கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தார். "தெரியாம அடிச்சிட்டோம்னு அவுககிட்ட சொல்லுங்க" என்றார் என்னிடம். நான் ஹிந்தியில் சொன்னேன். கட்டுப்போட்ட தாடையோடு அவன் தலையை மட்டும் அசைத்தான். அவர் போனபின், ரோட்டில் தன்னிடம் என்ன கேட்டார்கள் என்று பல்லிடுக்கில் கேட்டான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கேஸ் பிறகு நடந்தது. ஒத்துக்கொண்டேன், லைசென்ஸ் போனது. அதற்கெல்லாம் முன்பே, அவனை ரயிலில் அவன் ஊருக்குக் கூட்டிப்போனேன். வீட்டு முற்றத்தில் அவன் மனைவி எனக்குக் கட்டில் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். டயரும் சாப்பாடும் உறவுமுறையும் தெரிந்த என் ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடுகள், கால், கட்டை. என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான், அந்த வார்த்தையை அவனுக்கு யார் கொடுத்தது என்பதையும். அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

அவர்கள் அடிக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

பக்கத்தில் என்றேன்.

உள்ளே படுத்திருந்த மாமனாருக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அவள் எழுந்து போய், சாணி அள்ளுகிற கூடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தம் வரை அவன் வந்தான். வழியில் மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன். தோள் கட்டோடு என்னால் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. அவன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து என்னை மேலே தூக்கிவிட்டான். நான் திரும்பிப் பார்த்தபோது, செவிட்டுக் காது என் பக்கம் இருக்க, வீட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தான்.