நிரம்பிவிட்ட டிஸ்க்

ஆம்புலன்ஸ்களை அனுப்பும் அறையில் அவளை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் தொடமாட்டாள். அந்த அறையின் மென்பொருள் எங்கோ ஒரு கிளவுட் சர்வரில் வாடகைக்கு ஓடியது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க்கில் இடம் குறைகிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். "அப்புறம் பார்க்கலாம்மா" என்றார் மேலாளர்.

அன்று முற்பகல் திரைகள் உறைந்தன. டிஸ்க்கில் எள் விழ இடமில்லை. போன் எடுப்பவர்கள் துண்டுச் சீட்டில் முகவரி எழுத ஆரம்பித்தார்கள்.

"டிஸ்க்கை உடனே பெருசாக்கு!" மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முதல்ல பேக்கப் ஓடட்டும் சார், எல்லாத்துக்கும் ஒரு நகல் இருக்கணும்."

"வீடு பத்தி எரியுது, நீ பூட்டைத் தேடுறியா?"

"நடுவுல ஏதாவது தப்பாச்சுன்னா, எந்த வண்டி எங்க நிக்குதுன்னே தெரியாம போயிடும்."

பேக்கப் நகர்ந்தது, நகராத மாதிரி. முதல் மேசையில் போன் எடுக்கும் அவள் நாத்தனார் எழுந்து கத்தினாள்: "அண்ணி, ரெண்டு வண்டி ஒரே வீட்டுக்குப் போயிடுச்சு! நெஞ்சுவலின்னு கூப்பிட்டவர் இன்னும் காத்துக்கிட்டிருக்காரு!"

அவள் விரல் 'ரத்து' பொத்தான்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

ஒருவழியாகப் பேக்கப் முடிந்தது. டிஸ்க்கைப் பெரிதாக்கினாள். சர்வர் அப்போதும் இடமில்லை என்றது.

"பெருசாக்கிட்டீங்கதானே?" என்றாள் நாத்தனார்.

"பக்கத்து நிலத்தை வாங்கியாச்சு. சுவரை இனிமேதான் தள்ளிக் கட்டணும்."

சுவரைத் தள்ள, அதாவது புது இடத்தைப் பழையதோடு சேர்க்க, கொடுத்த கட்டளையையும் சர்வர் மறுத்தது. அது ஓடவே கொஞ்சம் காலியிடம் வேண்டுமாம். யாருக்கும் உதவாத பழைய பதிவுக் கோப்பு ஒன்றைத் தேடி, பெயரை உதடசைத்து இரண்டு தரம் படித்துவிட்டு அழித்தாள். மறுபடி கட்டளை கொடுத்தாள். மேலாளர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

இடம் விரிந்தது. திரைகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. நெஞ்சுவலிக்காரரின் பக்கத்துத் தெருவிலேயே ஒரு வண்டி சும்மா நிற்பது இப்போதுதான் தெரிந்தது. அதை அனுப்பிவிட்டு நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

"ஏத்திட்டாங்க அண்ணி. பேசுறாராம்."

மேலாளர் தன் அறைக்குப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது நாத்தனார் கேட்டாள்: "அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டு வர்றேன்" என்றாள் அவள். நாத்தனார் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.