இல்லாத அப்பிள்

நாங்கள் வெளிநாடு வந்து குடியேறிய ரொம்சோஸ் என்ற இடத்து வீட்டில் அன்று டிவியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போனது. உலகப் போர் முடிந்தும் பங்கீட்டுக் கூப்பனுக்குச் சீனி வாங்கும் ஒரு பெண் ஆசைப்படுவதெல்லாம் அவள் மேசையில் வந்து விழுகிறது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்த அப்பா சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அப்பாவும் எங்களோடு இப்படி விளையாடுவார். விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்காது. பொழுது படும் நேரம் முற்றத்தில் இருத்தி, "என்ன வேணும், கேளுங்கோ" என்பார். தங்கச்சி எப்போதும் அப்பிள்தான் கேட்பாள். இல்லாத அப்பிளை அவள் கையில் பக்குவமாக வைப்பார். அவளும் கடித்துவிட்டு, சாறு வழிந்த மாதிரி நாடியைத் துடைப்பாள்.

அம்மா ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. ஒரு பின்னேரம் நெஞ்சைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை நீட்டினார்.

"எனக்கு நெஞ்சு நோவுக்குப் போடுற குளிசை வேணுமப்பா."

அப்பா அந்தக் கையில் எதையும் வைக்கவில்லை. அந்த மருந்து வவுனியாவில் இருந்தது. அதற்கு இங்கால், யாழ்ப்பாணப் பக்கம், ஆமி வர விடவில்லை. அந்த மாரி மழைக்குள்ளேயே அம்மா செத்துப்போனார்.

படம் முடியும்போது மகள் திரும்பினாள்.

"அப்பப்பா, உங்களுக்கு என்ன வேணும்?"

"உந்த டிவியை நிப்பாட்டு, பிள்ளை" என்றார் அப்பா.