ஜெட்டுக்குள் போன முடி

பங்கில் பெட்ரோல் வாசனை அடித்தால் எனக்கு அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும். தாம்பரம் ரயில்வே கேட்டை ஒட்டி, இப்போது மேம்பாலத் தூண் நிற்கும் இடத்தில், அம்மா ஸ்கூட்டர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தாள். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, பெட்ரோல் பாயும் துளி ஓட்டை உள்ள அதன் பித்தளை ஜெட்டை வாயால் ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்து, குண்டூசிகூட நுழையாத அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பாள். வானம் தெரியாவிட்டால் மற்ற ஷெட்டுகளில் கம்பி விட்டுக் குத்துவார்கள். ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அம்மாவோ, பள்ளியில் எல்லோரும் தேங்காய் நார் என்று கேலி செய்த என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி உள்ளே விடுவாள்.

ஒருநாள் ஒரு சாரின் வண்டி ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆனது.

"என்னம்மா பண்ணீங்க?"

"எம் பொண்ணு முடி சார். இவ்ளோ கெட்டி முடி வேற எந்த ஷெட்லயும் கெடையாது."