ஏழாம் துளையின் எண்கள்

பதினொரு வருடமாக நான் நீச்சல் குளத்துக் காவலனாக இருக்கிறேன். அதில் பத்தே முக்கால் வருடம் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு சிரிக்க முடியாது.

ஐஸ்லாந்தில் பாதி ஊர்களுக்குப் பூமித்தாய் வெந்நீரை அள்ளிக் கொடுத்திருக்கிறாள். வீடு தானாகச் சூடாகும். சாயங்காலமானால் ஊரே வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து வம்பளக்கும். எங்கள் ஊரான கால்தவீக்குக்கு ஒன்றுமில்லை. தொட்டி இல்லாததால் வம்பைக்கூட நாங்கள் காற்றில் நடுங்கிக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஊர்க் கூட்டத்தில் ஸ்டெயின்வோர் எழுந்து நின்றாள். மீன் ஆலையில் முப்பது வருடமாகப் பனிக்கட்டிக்குள் கைவிட்டு மீன் அடுக்குகிறவள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கூட்டத்தில் அதற்குமுன் அவள் வாய் திறந்ததே இல்லை.

"ஆலைக்குப் பின்னாடி, கூழாங்கல்லுக்கு நடுவுல ஒரு கை அகலத்துக்குப் பனி தங்கவே மாட்டேங்குது. நானும் வருஷக்கணக்கா பாக்குறேன். கீழ சூடு இருக்கு."

வேறு ஊராக இருந்தால் முதலில் துளை போட்டுப் பார்த்திருப்பார்கள். நாங்கள் முதலில் குளத்தைக் கட்டினோம். பக்கத்திலேயே வட்டமாக ஒரு தொட்டியும் கட்டி நீலச் சாயம் பூசினோம். காவலனாக என்னைப் போட்டார்கள். அதன் பிறகுதான் நூறு, நூற்றைம்பது மீட்டர் ஆழத்துக்கு ஒன்பது சின்னத் துளைகள் போட்டார்கள்.

துளைகளின் சூட்டை அளக்கும் வேலை ஸ்டெயின்வோருக்கு. வாரம் ஒருமுறை கம்பியில் வெப்பமானியைக் கட்டி இறக்குவாள். ஐந்து மீட்டருக்கு ஒருதரம் நிறுத்துவாள், பொறுத்திருப்பாள், கட்டம் போட்ட நோட்டில் எழுதுவாள். மழை, பனி, காய்ச்சல் எதற்கும் அவள் நின்றதில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் தொட்டிக்குள் இறங்கி உட்காருவோம். தண்ணீர் இல்லாத தொட்டியில்தான். கம்பளிக் கோட்டு, குல்லாய், பிளாஸ்க்கில் காபி, வெண்ணெய் தடவிய காய்ந்த மீன். கடலிலிருந்து மூடுபனி ஊர்ந்து வந்து தொட்டியை நிரப்பும். எதிரே இருப்பவர் முகம் மறையும். கண்ணை மூடினால் அது வெந்நீரின் ஆவியாகிவிடும். கால் விரல்கள் கதகதப்பாகும். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஆகும். "இன்னைக்குக் கொஞ்சம் சூடு ஜாஸ்தி" என்பார் ஒருவர். "அப்ப இந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்பார் இன்னொருவர். என் கட்டிலில் கண்டதைவிட அந்தத் தொட்டியில் நான் கண்ட கனவுகள் அதிகம்.

ஸ்டெயின்வோர் மட்டும் இறங்க மாட்டாள். விளிம்பில் உட்கார்ந்து அந்த வாரத்து எண்களைப் படிப்பாள்.

"தண்ணி வரட்டும், எறங்குறேன்" என்பாள். "என் பேச்சை நம்பித்தானே கட்டினீங்க."

இந்தக் கோடையில் ஆழமாகத் துளை போடும் பெரிய போர் வண்டி வந்தது. கூடவே ஆர்ன்க்ரீமுர். பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அது ஓடும் வழியைப் பார்த்து, கீழே என்ன இருக்கிறதென்று சொல்கிறவன். நரைத்த தாடி, தூக்கம் கெட்ட கண். அவன் கைகாட்டிய இடத்தில், குளத்துக்குப் பக்கத்தில், ஆயிரத்து நூறு மீட்டர் தோண்டினார்கள்.

"பாறை நல்ல சூடு. தண்ணிதான் இல்ல" என்றான். "தண்ணி ஓடுற வெடிப்பு எங்கயோ பக்கத்துலதான் இருக்கு. என் கைக்குச் சிக்கல."

"இன்னும் நாலு எடத்துல தோண்டிப் பாரேன்" என்றேன்.

"அடுத்த வியாழக்கிழமை வண்டி கப்பல் ஏறணும். ஜெர்மனி, அப்புறம் ஹாலந்து, அப்புறம் ஹங்கேரி. ஐரோப்பா முழுக்க இப்ப பூமிச் சூட்டுக்கு வரிசையில நிக்கிறாங்க. இதை விட்டா அஞ்சு வருஷம் ஆகும்."

ஐந்து வருடம் பொறுக்க ஊராட்சி தயாராக இல்லை. வண்டி போனதும் குளத்தை மண் போட்டு மூடுவதென்று முடிவாகிவிட்டது. ஸ்டெயின்வோரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடையில் அவளைப் பார்த்ததும் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அதுதான் அவளை வாட்டியது என்று எனக்குத் தெரியும்.

கடைசிச் சனிக்கிழமை. மூடுபனி அடர்த்தியாக இருந்தது. ஆர்ன்க்ரீமுரும் எங்களோடு தொட்டியில் உட்கார்ந்து அவளுடைய நோட்டைப் புரட்டினான்.

"இவ்வளவு நேர்த்தியான கணக்கை நான் பாத்ததே இல்ல, ஸ்டெயின்வோர். இந்த ஏழாம் துளையப் பாரு. கோடு கிழிச்ச மாதிரி ஏறுது."

விளிம்பில் அடர்ந்திருந்த பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ஏழாம் துளைக் கணக்கு பொய்."

மீன் மெல்லும் சத்தம் நின்றது.

"தொண்ணூறு மீட்டர்ல திடீர்னு எகிறும். இன்னும் கீழ போனா குறையும். கீழ போகப்போகச் சூடு ஏறத்தானே வேணும்? மொதல் தடவ படிச்சப்ப எல்லாரும் சிரிச்சீங்க. வெப்பமானி குடிச்சிருக்குன்னீங்க. அதுலேருந்து அந்த ஆழத்து மூணு எண்ண மட்டும் நானே சமன் பண்ணி எழுதிட்டு வந்தேன். என் பேச்ச நம்பிக் கட்டின குளம். நானே கோணலா எழுதினா எப்படி?"

வெப்பமானி குடித்திருக்கிறது என்று சொன்னவன் நான்தான். ஒரு தடவையோடு விடாமல், ஏழாம் துளைக்குள் சாராயக் கடை இருக்கிறதா என்றும் கேட்டேன். தண்ணீர் இல்லாத தொட்டியில் சிரிப்பு ஒன்றுதான் சூடு. அதற்காக வாய்க்கு வந்ததைப் பேசினேன். கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆர்ன்க்ரீமுர் மடியில் காபியைக் கொட்டிக்கொண்டான். "அந்த மூணு எண்ணும் நெனப்பு இருக்கா?"

"நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன். ஒவ்வொரு வாரமும். பொய் எழுதினாலும் நெசத்தத் தூக்கிப் போட மனசு வரல."

அவன் நோட்டைத் திருப்பி மூக்கருகே வைத்துப் பார்த்தான். "அடப்பாவி மனுஷி! நடுவுல ஏறிக் கீழ குறையுதுன்னா, அந்த எடத்துல பக்கத்துலேருந்து வெந்நீர் ஓடி வருதுன்னு அர்த்தம். நான் வந்த நாள்லேருந்து தேடுன வெடிப்பு இதுதான்!"

ஞாயிற்றுக்கிழமையே வண்டியை ஏழாம் துளைக்குப் பக்கத்துக்கு நகர்த்தி, சாய்வாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ஜூன் மாத வெளிச்சம் அணையவே இல்லை. எது நேற்று, எது இன்று என்று பிரிக்க முடியாமல் ஊரே அரைத் தூக்கத்தில் நடமாடியது. புதன்கிழமை ஸ்டெயின்வோர் போர் வண்டிப் பக்கம் போகாமல் என் காவல் அறையில் வந்து உட்கார்ந்தாள்.

"குடிச்சிருக்குன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும், ஒட்கெயிர். வேற யாருக்கு அந்த வாய்?"

"மன்னிச்சுக்கோ."

"நீ கேலி பண்ணுன. மாத்தி எழுதுனது நான்தானே." மடங்காத விரல்களால் முட்டியைத் தடவிக்கொண்டாள். "இத்தன வருஷம், ஒட்கெயிர். மொதல் வாரமே சரியா எழுதியிருந்தா..."

அவள் முடிப்பதற்குள் மேசையில் இருந்த கோப்பை மெல்ல அதிர்ந்தது. வெளியே யாரோ கத்தினார்கள். எட்டிப் பார்த்தோம். ஆலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றது. மூடுபனிதான் என்று நினைத்தேன், அது மேல்நோக்கிப் போகிற வரை. தண்ணீரின் சூடு அறுபத்தாறு டிகிரி என்று பிறகு சொன்னார்கள். ஸ்டெயின்வோர் என் தோளில் முகத்தை வைத்து, சத்தமே இல்லாமல் அழுதாள்.

மறுநாள் வண்டி கப்பல் ஏறியது. குழாய் பதித்து முடிக்கச் செப்டம்பர் ஆயிற்று.

முதல் சனிக்கிழமை ஊரே தொட்டியில். இந்தத் தடவை கோட்டு இல்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வா, நீச்சல் உடுப்பு அப்புறம்" என்று விரட்டினேன். பாதிரியாரையும் விடவில்லை. எத்தனை வருட ஆசை!

ஸ்டெயின்வோர் குளித்துவிட்டு, கையில் வெப்பமானியும் நோட்டுமாக வந்தாள். விளிம்பில் உட்கார்ந்து கம்பியை இறக்கினாள். "மேல முப்பத்தெட்டு." இன்னும் இறக்கினாள். "நடுவுல நாப்பத்தொண்ணு." அடிவரை விட்டுப் பார்த்தாள். "அடியில முப்பத்தொம்பது."

பென்சிலை நோட்டில் வைத்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தொட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"எழுதிக்கோ, ஸ்டெயின்வோர்" என்றேன். "அப்படியே எழுது."

அவள் மூன்று எண்களையும் எழுதினாள். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.